ஜன்னல் கதவுகளைக் கழற்றிய வருஷம்

1

அம்மாவின் இரண்டாவது திதிக்கு இந்த ஊரில் பச்சை வாழையிலை கிடைக்கவில்லை. இந்தியக் கடைக்காரர் ஃப்ரீசரிலிருந்து ஒரு இலைக்கட்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கழுவக் கழுவ இலை கறுத்துக்கொண்டே போனது. "விடு கண்ணு, உங்கம்மா எந்தக் காலத்துல இலையில சாப்ட்டா? தட்டுல போடு" என்றாள் பத்மாம்மா. செத்தவளின் விருப்பம் அவளுக்குத்தான் தெரியும். தட்டிலேயே போட்டேன்.

பத்மாம்மா யாரென்று சொல்லிவிட வேண்டும். கனடா விசா அதிகாரிக்கே என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. விண்ணப்பத்தில் உறவுமுறை கேட்டிருந்த இடத்தில் 'அம்மாவின் தோழி' என்று எழுதினேன். தொலைபேசியில் கூப்பிட்டார்கள். உன் அம்மாதான் உயிருடன் இல்லையே, அவருடைய தோழி எதற்காக உன்னைப் பார்க்க வருகிறார் என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள். என்னை வளர்த்தவர் என்றேன். அப்படியானால் வளர்ப்புத் தாயா, அதற்குச் சான்றிதழ் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். இப்படி ஏழெட்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் விசா வந்தது. மங்கி கேப், ஸ்வெட்டர், புடவைக்கு அடியில் பேன்ட் சகிதம் பத்மாம்மா செப்டம்பரில் வந்து இறங்கினாள். பெங்களூர்க்காரர்கள் இருபது டிகிரிக்கே மங்கி கேப் போடுகிறவர்கள். இங்கே வந்தபின் வாசலைத் தாண்டினால் அவள் அதைக் கழற்றுவதே இல்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்தோம். என் மகள் அனுவுக்கு எட்டு வயது. கேட்டால் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அன்று என்னவோ தமிழிலேயே, "இன்னும் ஒரு அப்பளம்" என்றாள். சொல்லிவிட்டு, தன் சட்டையோடு சேர்ந்திருந்த ஹூடை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குள் ஹீட்டர் கணகணவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பளம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஹூடைக் கீழே தள்ளினாள். "தண்ணி" என்றாள். மறுபடியும் இழுத்து மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தால் தலை மூடிக்கொள்கிறது. சாவி கொடுத்த பொம்மை செய்வதைப் பார்ப்பது போலிருந்தது.

பத்மாம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே விஷயம்தான் நினைவுக்கு வந்திருந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால், மல்லேஸ்வரத்தில், நான் ஜன்னலை மூடியது.

2

மல்லேஸ்வரத்து வீடு தாத்தா மைசூர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது கட்டியது. அம்மா டெலிபோன் ஆபீசில் குமாஸ்தா. அப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போனார், அங்கேயே இன்னொரு குடும்பம் ஆயிற்று, அத்தோடு அவர் கதை முடிந்தது. வாசல் அறைக்கு வாடகைக்கு வந்தவள் பத்மாம்மா. ஆனேக்கல் பக்கம், ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்யாணம் வேண்டாமென்று வீட்டோடு சண்டை போட்டு வந்தவள். கொஞ்ச நாள் வாடகை கொடுத்தாள். பிறகு அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. வாசல் அறை என் படிப்பறை ஆயிற்று.

அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன என்பதற்கு எங்கள் வீட்டில் யாரும் பெயர் வைக்கவில்லை. அப்போது அதற்கான சொல் எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரே அறை, ஒரே கட்டில், காலையில் முதல் டிகாக்‌ஷன் யாருக்கு என்ற ஒரே சண்டை. பக்கத்து வீடுகளில் 'பாவம், துணைக்கு ஒரு பொண்ணு' என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் விஷயத்தில் ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டிருந்தது, ரொம்ப நாளைக்கு.

அதைத் திறந்து வைத்தது கொலு. பெங்களூரில் கொலுப்படியின் உச்சியில் பட்டத்து பொம்மைகள் வைப்பார்கள். மரத்தில் செய்த ராஜா ராணி ஜோடி, கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுப்பது. அப்பா போன வருஷம் அம்மா ராஜாவைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். ராணி கொஞ்ச காலம் தனியாக நின்றாள். பத்மாம்மா வந்த நவராத்திரியில், தான் சின்ன வயதில் வைத்து விளையாடிய மரப்பாச்சியை ஆனேக்கல்லிலிருந்து எடுத்து வந்தாள். அதுவும் பெண் பொம்மை, மூக்கு தேய்ந்தது. அம்மா அதற்கும் ஜரிகைத் துணி சுற்றி, பொட்டு வைத்து, ராணி பக்கத்தில் நிற்க வைத்தாள். பரணிலிருந்து சில சமயம் டொக் டொக்கென்று சத்தம் வரும். எலி என்பாள் அம்மா. ராஜாதான் கதவைத் தட்டுகிறார் என்று நினைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன்.

எனக்குப் பதிமூன்று வயதானது காவிரிக் கலவரம் நடந்து முடிந்த மறுவருஷம். பஸ்ஸில் தமிழ் பேசாதே, கடையில் சத்தமாகப் பேசாதே என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கப் பழகியிருந்தோம். ஆனாலும் தசரா லீவில் வகுப்புத் தோழிகள் நாலு பேரைக் கொலுவுக்குக் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்பு 'பி' செக்‌ஷன். அதில் ரேகா எதிர் ரோட்டுப் பெண், எங்களைப் போலவே தமிழ் வீடு.

ரேகா உச்சிப்படியைப் பார்த்துவிட்டு, "ஏய் சுகந்தி, ராஜா எங்கடி?" என்றாள்.

"ராஜா கிடையாது. எங்க வீட்ல ரெண்டும் ராணிதான்" என்றேன். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ரேகா பொம்மைகளைப் பார்த்தாள். பிறகு, ஒரே பாத்திரத்திலிருந்து சுண்டல் எடுத்துத் தொன்னையில் போட்டுக்கொண்டிருந்த அம்மாவையும் பத்மாம்மாவையும் பார்த்தாள். திரும்பவும் பொம்மைகளைப் பார்த்தாள். கையிலிருந்த தொன்னையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

3

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று யாரும் என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை, கிள்ளவில்லை. "ரேகா, கணக்கு ஹோம்வொர்க் எத்தனாம் பக்கம்டி?" என்று கேட்டேன். அவள் பக்கத்திலிருந்தவளிடம், "காத்து வர்ற மாதிரி இல்ல?" என்றாள். எழுந்துபோய் ஒரு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் ஒன்றும் புரியாமல் வேறொருத்தியிடம் கேட்டேன். அவள் எழுந்து இன்னொரு ஜன்னலைச் சாத்தினாள்.

அவ்வளவுதான் விளையாட்டு. நான் பேசினால் காற்று. காற்று வந்தால் யாராவது எழுந்து ஜன்னலை மூட வேண்டும். இரண்டு மூன்று நாளில் வகுப்பு முழுக்கப் பழகிவிட்டது. என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் இருக்கிற இடத்தைத் தாண்டிப் பின்சுவரைப் பார்ப்பார்கள். பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கும்போதே என் மடிமேல் பையை வைத்துவிட்டுப் போவார்கள், காலி இடத்தில் வைப்பது போல. சிரிக்கவும் மாட்டார்கள். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நவம்பர் மாதத்துக் காலை பெங்களூரில் குளிராகத்தான் இருக்கும். அதனால் டீச்சர்கள் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. கன்னட மிஸ் பாடத்தை வாசிக்கச் சொல்வார். நான் எழுந்து வாசிப்பேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதவு சாத்தப்படும், டப், டப் என்று. பாடம் முடியும்போது அறை இருட்டாகியிருக்கும். "லைட் ஹாக்கம்மா" என்பார் மிஸ். யாராவது ஸ்விட்சைப் போடுவார்கள். குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்து பற்றும். அந்த வெளிச்சத்தில் என் கையைப் பார்த்துக்கொள்வேன். இருக்கிறதா என்று நிஜமாகவே பார்ப்பேன்.

எனக்கு அப்போது வந்த பயத்தை வீட்டில் சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை தசரா லீவில் நான் செத்துவிட்டேனோ, வீட்டில் என்மேல் இருக்கும் பிரியத்தில் அம்மாவும் பத்மாம்மாவும் மட்டும் எனக்குச் சாதம் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றும். இப்போது எழுதும்போது அசட்டுத்தனமாகத் தெரிகிறது. பதிமூன்று வயதில், யாரும் பதில் சொல்லாத அறையில், அப்படித் தெரியவில்லை.

4

பத்மாம்மாவுக்கு நைட் டியூட்டி வாரங்களில் பகலெல்லாம் வீடுதான். ஒரு சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்ததும் காபி கலந்துகொண்டே, "இன்னாடி கண்ணு, பரீட்சை எப்போ?" என்றாள். "பதினாலாம் தேதி" என்றேன். எழுந்துபோய் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

"முறுக்கு வேணுமா?"

"வேணும்." எழுந்துபோய்க் கூடத்து ஜன்னலைச் சாத்தினேன்.

பத்மாம்மா டவராவைக் கீழே வைத்தாள். "எதுக்குடி ஜன்னலைச் சாத்தற? வெய்யில்தானே அடிக்குது?"

"நான் பேசினேனே, அதான்" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. விதியைச் சொல்வது போலச் சொன்னேன். பத்மாம்மாதான் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் மேலிருந்து வரும் டெட்டால் வாசனையில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், ரேகா கொலுவில் கேட்டது உள்பட. அம்மா ஆபீசிலிருந்து வந்ததும் இருவரும் உள்ளே போய் ரொம்ப நேரம் பேசினார்கள். பத்மாம்மா ஆனேக்கல்லுக்கே திரும்பிப் போய்விடுவதாகச் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. "போனா, அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? எனக்கு யாரு இருக்கா?" என்றாள் அம்மா.

மறுநாள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பத்மாம்மா பள்ளிக்கு வந்தாள். ஆபீஸ் கிளார்க் அவளை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்.

"நீவு யாரு? மதரா, கார்டியனா?"

"எரடூ அல்ல சார்" என்றாள் பத்மாம்மா. இரண்டும் இல்லை.

"ஹாகாத்ரே ஒளகே பிடல்ல." அப்படியென்றால் உள்ளே விட முடியாது. அவர் பேரில் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது படிவத்தில் இருக்கும் அந்த இரண்டு கட்டம்தான்.

பத்மாம்மா போகாமல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். மதியம்வரை நின்றாள். சாப்பாட்டு இன்டர்வெல்லில் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் எங்கள் வகுப்பு டீச்சர், ஸ்டெல்லா மிஸ். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். கணக்கு எடுப்பார். கோபம் வந்தால் சாக்பீஸ் பறக்கும். எங்களில் யாருக்கும் அவரைப் பிடிக்காது.

"யாருக்காக நிக்கிறீங்க?"

"சுகந்திக்காக."

"நீங்க அவளுக்கு யாரு?"

"அவ வீட்ல இருக்கறவ" என்று சொல்லியிருக்கிறாள் பத்மாம்மா. ஸ்டெல்லா மிஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

5

அன்று மதியம் கணக்கு வகுப்பில் ஸ்டெல்லா மிஸ் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டு, ஒரு கணக்கைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போடச் சொன்னார். தான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாக எழுந்து ஜன்னல்களை மூடினார்கள். மூடும் பெண்களின் முகத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் மூடியானதும் எழுந்தார். உச்சி வெயில் நேரம், அவர் ஜாக்கெட் முதுகு வேர்வையில் நனைந்திருந்தது. "போதும், உக்காரு" என்றார். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. அது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் எட்டு 'பி'யில் ஜன்னல் கதவுகளே இல்லை. சட்டமும் கம்பியும் மட்டும் நின்றன. கழற்றிய கதவுகள் வராந்தா சுவரில் வரிசையாகச் சாய்ந்திருந்தன. பெயின்ட் அடிக்கப்போவதாகச் சொன்னார்கள். வெளிச்சம் கண்ணைக் கூசியது. ரோட்டில் கீரை விற்பவளின் குரல் வகுப்புக்குள் நடந்து வந்தது.

ஸ்டெல்லா மிஸ் அட்டென்டன்ஸ் எடுத்து முடித்துவிட்டு, "சுகந்தி, உனக்கு ரேகாகிட்ட என்ன கேக்கணுமோ கேளு" என்றார்.

நான் எழுந்தேன். "கணக்கு ஹோம்வொர்க் எத்தனாம் பக்கம்?" என்றேன். அதே கேள்விதான் வந்தது.

ரேகா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். பழக்கம். கையை நீட்டினாள். கதவு இருந்த இடத்தில் வெறும் காற்று இருந்தது. கையை நீட்டியபடியே நின்றாள். வகுப்பு மொத்தமும் அந்தக் கையைப் பார்த்தது. எனக்கு அவளைப் பார்க்க ஒருவிதத்தில் பயமாக இருந்தது.

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வந்து உக்காரு. அவசரமில்ல" என்றார் ஸ்டெல்லா மிஸ்.

நீட்டிய கையை இறக்கிவிட்டு, "நாப்பத்தி மூணு" என்றாள் ரேகா, கம்பிக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அப்போது எனக்கு நிச்சயமாயிற்று.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நாலைந்து பேர் பத்தாம் வகுப்பு முடியும்வரை என்னோடு பேசவே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ஸ்டெல்லா மிஸ் முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு, "சுகந்தியோட அம்மா, பத்மாம்மா, ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று எல்லார் காதிலும் விழக் கூப்பிட்டார். ரேகாவின் அப்பா எழுந்து, இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளோடு எங்கள் பெண் படிக்க வேண்டுமா என்று கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ், "டி.சி. வேணும்னா நாளைக்கே தரேன் சார்" என்றார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். கிளார்க்கிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் கேட்டில் பத்மாம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவுகள் முழுப்பரீட்சை வரை வராந்தாவிலேயே கிடந்தன. டிசம்பர் குளிரில் ஐம்பது பெண்களும் ஸ்டெல்லா மிஸ்ஸும் நடுங்கிக்கொண்டே பாடம் படித்தோம். அவருக்கு ஜலதோஷம் பிடித்து, அந்த வருஷம் முழுக்க விடவே இல்லை.

6

திதி முடிந்த ராத்திரி அனுவிடம் கேட்டேன். பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்களாம். அதில் என் பக்கத்துக் கிளையில் என் அம்மாவையும் பத்மாம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருக்கிறாள். இது யார், தாத்தா எங்கே என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். தாத்தா இல்லை, இவர்கள் இரண்டு பேர்தான் என்று அனு சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவள் பேசினால் எல்லாரும் ஹூடை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். "நான் பேசினேனே, அதான் போட்டுக்கிட்டேன்" என்றாள், ஆங்கிலத்தில்.

ஒரே வாக்கியம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கடல் தாண்டி அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அன்று விளக்கை அணைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இங்கே பள்ளிகளில் எல்லாம் இருக்கிறது. சுவரில் வானவில் ஒட்டியிருக்கிறார்கள், எல்லாக் குடும்பங்களும் இங்கே வரலாம் என்று. புகார் சொல்லத் தனிப் படிவம் வைத்திருக்கிறார்கள். படிவத்தில், 'அவர்கள் என்ன சொன்னார்கள்?' என்று ஒரு கேள்வி. ஒன்றும் சொல்லவில்லை. 'என்ன செய்தார்கள்?' தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. வகுப்பு டீச்சர், நல்ல பெண், இருபத்தைந்து வயதிருக்கும். படித்துவிட்டுத் தயங்கினாள். "நவம்பர் மாதம், பிள்ளைகளுக்குக் குளிரும்" என்றாள். ஜன்னலைப் பார்த்தேன். திறக்கவே முடியாதபடி அடைத்த கண்ணாடி ஜன்னல். இங்கே கழற்றுவதற்குக் கதவும் இல்லையே என்று நினைத்தேன்.

என் கூட வந்திருந்த பத்மாம்மா சட்டென்று, "நோடி மிஸ்" என்று ஆரம்பித்தாள். பாருங்க மிஸ். பள்ளிக்கூடம், ஆபீஸ், போலீஸ் என்றால் பெங்களூர்த் தமிழர் வாயில் தானாகக் கன்னடம்தான் வரும். முப்பது வருஷப் பழக்கம், கனடா என்று பார்க்குமா? டீச்சர் பணிவாகத் தலையாட்டினாள். பத்மாம்மா என் பக்கம் திரும்பி, "சுகி, நீ இவகிட்ட எதையாச்சும் பேசு. பேசிக்கினே இரு" என்றாள்.

நான் ஏதோ வானிலையைப் பற்றிச் சொன்னேன். பத்மாம்மா டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மடியில் கிடந்த மங்கி கேப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் நிறுத்தினேன். கழற்றினாள். மறுபடியும் பேசினேன். மாட்டிக்கொண்டாள். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, என்னைத் தாண்டிப் பின்சுவரைப் பார்த்தாள். விளையாட்டு என்று தெரிந்தும் என் குரல் தேய்ந்தது. மூன்றாவது தடவை நான் வாக்கியத்தை முடிக்கவில்லை.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்குப் புரிந்துவிட்டது" என்றாள், பத்மாம்மாவிடம் நேராக. பத்மாம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறைதான், ஆனாலும் தலையசைத்தாள்.

7

அடுத்த வாரம் அந்த வகுப்பில் புது ஏற்பாடு. சாப்பாட்டு அறைக்குள் ஹூட் வைத்த உடை எதுவும் வரக்கூடாது, வெளியே கொக்கியில் மாட்டிவிட்டு வர வேண்டும். டீச்சரும் தன் சாப்பாட்டு டப்பாவோடு அதே மேஜையில் உட்கார்ந்துகொள்கிறாள். முதல் நாள் யாரும் பேசவில்லையாம். இரண்டாவது நாள் ஒரு பையன் அனுவிடம், "உன் டப்பாவில் இருப்பது என்ன?" என்று கேட்டானாம். எலுமிச்சை சாதம் என்றாளாம். அவன் ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்றானாம். காரம் தாங்காமல் அவன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்ததை அனு நடித்தே காட்டினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்துக்கு நானும் பத்மாம்மாவும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றோம். பனி பெய்ய ஆரம்பித்திருந்தது. அனு பஸ்ஸிலிருந்து குதித்தாள். தலையில் ஒன்றுமில்லை, ஹூட் முதுகில் தொங்குகிறது, காது இரண்டும் செக்கச்செவேலென்று இருக்கின்றன. இறங்கியதிலிருந்து பேச்சு. பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மூச்சு விடாத பேச்சு.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது: காது உறைந்துபோகும்டி, ஹூடைப் போடு. எந்தத் தாய்க்கும் வருவதுதான். சொல்லப்போனவள் பத்மாம்மாவைப் பார்த்தேன்.

அவள் மங்கி கேப்பைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலையில் பனி விழுந்தது. பல் தந்தியடித்தது. "அப்புறம் இன்னா ஆச்சு, சொல்லு கண்ணு" என்றாள் அனுவிடம்.

நானும் என் ஹூடைக் கீழே தள்ளினேன். வீடுவரை அனுதான் பேசினாள்.